லாகர் ஈஸ்ட்டின் பெயர் வரலாறு

கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய எமில் கிறிஸ்டியன் ஹான்சன், ஒற்றை உயிரணுவிலிருந்து பெருக்கிய தூய ஈஸ்ட்டை 1883 நவம்பரில் பீர் ஆலையின் பயன்பாட்டுக்கு அளித்தார். அதுவரை ஒரு தொட்டியின் வண்டலே அடுத்த தொட்டிக்கு விதையாக ஊற்றப்பட்டு வந்தது. அவ்வண்டலில் எத்தனை சிற்றினங்கள் கலந்திருந்தன என்பதை எவரும் அறிந்திலர். பீர் கெடுவதற்குப் பாஸ்டர் பெரிதும் பாக்டீரியாவையே காரணமாகச் சுட்டியிருந்தார். காட்டு ஈஸ்ட்டுகளும் அதைக் கெடுக்கும் என்று நிறுவியவர் ஹான்சன். அவற்றுள் கசப்பை உண்டாக்கும் சிலவற்றை அவர் சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸ் என்ற பெயரின்கீழ் வைத்தார். அப்பெயர் பாஸ்டரைச் சிறப்பிக்க 1870இல் மாக்ஸ் ரீஸ் சூட்டியது. தம்முடைய தூய வளர்ப்புக்கு ஹான்சன் 1908இல் சாக்கரோமைசிஸ் கார்ல்ஸ்பெர்ஜென்சிஸ் என்று பெயரிட்டார்.

பின்வந்தோர், ஈஸ்ட் எந்தெந்தச் சர்க்கரையை நொதிக்கச் செய்கிறது என்பதைக் கொண்டு சிற்றினங்களைப் பிரித்தனர். லாகர் ஈஸ்ட் மெலிபயோஸ் சர்க்கரையை நொதிக்கச் செய்யும். ரொட்டிக்கும் ஏல் பீருக்கும் உரிய செரிவிசியே பெரும்பாலும் செய்யாது. மரபணுத் தொகுதியின் மிகச் சிறு பகுதியை மட்டுமே தொடும் இச்சோதனையின்மேல் ஒரு சிற்றினத்தையே நிறுத்தியது வலுவற்ற ஏற்பாடு. 1970இன் வகைப்பாட்டுக் கைநூல் கார்ல்ஸ்பெர்ஜென்சிஸை யுவாரம் என்பதில் சேர்த்தது. 1984இன் பதிப்பு எல்லாவற்றையும் செரிவிசியேயில் அடக்கியது. ஆலையில் இருந்த உயிரோ மாறவில்லை.

வாகன்-மார்ட்டினியும் கர்ட்ஸ்மனும் 1985இல் டிஎன்ஏ இழைகளை ஒன்றோடொன்று இணையவிட்டு ஒப்பிட்டனர். லாகர் ஈஸ்ட், செரிவிசியேவுடனும் பயானஸுடனும் பகுதியளவே ஒத்தது. ஆகவே அது ஒரு கலப்பினம் என்ற முடிவுக்கு வந்தனர். கார்ல்ஸ்பெர்ஜென்சிஸும் பாஸ்டோரியானஸும் ஒன்றே என்பதும் அதே ஆய்வில் புலப்பட்டது. முந்திய பெயரே நிற்கும் என்பது வகைப்பாட்டு விதி. இவ்வாறு, ஹான்சன் ஆலையிலிருந்து விலக்க முயன்ற ஈஸ்ட்டின் பெயரே அவருடைய தூய வளர்ப்புக்கு உரியதாயிற்று. ஆனால் ரீஸ் கண்ட ஈஸ்ட் இன்று இல்லை; இப்பெயருக்கு வகைமாதிரியாக நிற்பது பின்னாளில் தேர்ந்தெடுக்கப்பட்ட வளர்ப்பே.

இரண்டாம் பெற்றோராகக் கருதப்பட்ட பயானஸும் கலப்பினமே என்று பின்னர்த் தெரியவந்தது. அதன் பின்னிருந்த தூய சிற்றினம் 2011இல் அர்ஜென்டினாவின் பட்டகோனியாக் காடுகளில், தென்பீச் மரங்களில் வளரும் சிட்டாரியா பூஞ்சையில் கிடைத்தது. அதற்கு யூபயானஸ் என்று பெயரிட்டனர். லாகர் ஈஸ்ட்டின் செரிவிசியே அல்லாத பகுதியுடன் அது ஏறத்தாழ 99.5 விழுக்காடு ஒத்தது. ஆயினும் பவேரியாவில் லாகர் வடிப்பு வேரூன்றியது அட்லாண்டிக் கடல்வணிகத்துக்கு முந்தியது எனின், பட்டகோனிய உயிர் அங்கு எவ்வாறு சென்றது என்ற வினா எழுந்தது. 2014இல் திபெத்தில் கிடைத்த யூபயானஸ் இன்னும் நெருங்கி ஒத்தது. ஐரோப்பாவில் அதன் முதல் இயற்கை வளர்ப்பு, 2022இல் வெளியான ஆய்வின்படி, டப்ளின் பல்கலைக்கழக வளாகத்து மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது.