பலிபீடத்துக்கு முன்னால் ஒரு மனிதர்: யூத மறைநூல் மரபில் பாவமும் மன்னிப்பும்

கி.பி. 70-இல் ரோமப் படை எருசலேம் ஆலயத்தை அழித்ததோடு பலி செலுத்தும் வழியும் அடைபட்டது. அதன்பின் யூத சமயம் சடங்கை விட்டு மனந்திரும்புதலுக்கு நகர்ந்தது என்று சுருக்கிச் சொல்வதுண்டு. இது பாதி உண்மையே. ஆலயம் இருந்த காலத்துச் சட்டத்திலேயே, பலிபீடத்துக்கு முன்னால் தீங்குக்கு ஆளான மனிதர் நிற்கிறார். பின்வந்தோர் அவரை நடுவிடத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்பதே என் வாதம்.

தொடக்கம் லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நம்பி ஒப்படைத்த பொருளை மறுத்தவன், பறித்தவன், கண்டெடுத்ததை ஒளித்துப் பொய்யாணை இட்டவன் ஆகியோர் முதலைத் திருப்பித் தந்து, அதன் மேல் ஐந்தில் ஒரு பங்கும் உரியவருக்குக் கொடுக்க வேண்டும். குற்றநிவாரண பலிக்கான ஆட்டுக்கடாவைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. வரிசை மாறினால் பலி செல்லாது என்று பிற்காலச் சட்டத் தொகுப்பான மிஷ்னா உறுதியாகச் சொல்கிறது. எண்ணாகமம் 5 இதனோடு பாவ அறிக்கையையும் சேர்த்து, வாங்கிக்கொள்ள உறவினர் எவரும் இல்லையென்றால் ஈட்டுத்தொகை ஆசாரியனைச் சேரும் என்கிறது. பாவத்துக்கான பலிகள் பெரும்பாலும் அறியாமல் செய்ததற்கே உரியவை. பொய்யாணையோ அறிந்தே செய்வது. தானாக முன்வந்து அறிக்கையிடுவது அறிந்து செய்த குற்றத்தின் கடுமையைக் குறைக்கிறது என்று லேவியராகம ஆய்வாளர் ஜேக்கப் மில்குரோம் தந்த விளக்கம் இங்கே நன்கு பொருந்துகிறது.

ஆனால் தீங்குக்கு ஆளானவர் இறந்துபோனால்? உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைக் கொல்லச் செய்த அரசன் தாவீதின் கதை இந்த இடத்தில்தான் கனக்கிறது. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையை நாத்தான் சொன்னதும், நாலத்தனையாய்த் திருப்பித் தரவேண்டும் என்று அரசன் கொதிக்கிறான். அந்தச் செல்வன் தாவீதுதான் என்கிறார் தீர்க்கதரிசி. தாவீது கர்த்தருக்கு எதிராகப் பாவம் செய்ததாக ஒப்புக்கொள்கிறான், உயிர் தப்புகிறான். உரியாவுக்கோ எதையும் திருப்பித் தர முடியாது. இந்த வெற்றிடத்தைக் கதை நிரப்புவதில்லை. அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கி.மு. 6-ஆம் நூற்றாண்டில், பாபிலோனியச் சிறையிருப்பில், எசேக்கியேல் பொறுப்பைத் தனிமனிதர் மீது வைத்தார். தந்தையின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை தொடரும் என்ற யாத்திராகமத்தின் பழைய குரலுக்கு மாறாக, மகன் தந்தையின் குற்றத்தைச் சுமப்பதில்லை என்றார். திருந்துபவன் அடகைத் திருப்பிக் கொடுப்பதும் பறித்ததை மீளச் செலுத்துவதும் அவர் தரும் அடையாளங்கள். பலிபீடம் இல்லாத நாட்டிலும் லேவியராகமத்தின் இந்தப் பகுதி உயிரோடிருந்தது.

ஆகவே கி.பி. 70-இல் இரண்டாம் ஆலயம் வீழ்ந்தபோது யூதச் சட்ட ஆசிரியர்களான ரபிமார் வெறுங்கையோடு நிற்கவில்லை. இடிபாடுகளைக் கண்டு அழுத ரபி யோசுவாவிடம், அன்புச் செயல்களும் பாவத்தை நிவிர்த்தி செய்யும் என்று தீர்க்கதரிசி ஓசியாவைச் சுட்டி ரபி யோகனான் பென் சக்காய் ஆறுதல் சொன்னதாக ரபிமாரின் மரபு கூறுகிறது. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னாவின் யோமா பகுதியில் ரபி எலெயாசர் பென் அசரியா இன்னும் துல்லியமாகப் பேசுகிறார். மனிதருக்கும் கடவுளுக்கும் இடையிலான பாவத்தை யோம் கிப்பூர் எனும் பாவநிவிர்த்தி நாள் நீக்கும். சக மனிதருக்கு இழைத்ததை, அவரைச் சமாதானப்படுத்தும்வரை நீக்காது. தலைமை ஆசாரியர் இரு கைகளையும் வெள்ளாட்டுக்கடாவின் தலையில் வைத்து மக்கள் பாவத்தை அறிக்கையிட்ட மாபெரும் நாளுக்கே இப்படி ஓர் எல்லை வகுத்தது துணிச்சலான செயல். மிஷ்னாவின் பாவா கம்மா பகுதி மறுபக்கத்தையும் பார்க்கிறது: நட்டஈடு தந்தாலும் மன்னிப்புக் கேட்டாக வேண்டும், கேட்கப்படுபவர் கல்நெஞ்சராக இருத்தலாகாது. தன் மனைவியை எடுத்துக்கொண்ட அபிமெலேக்குக்காக ஆபிரகாம் வேண்டிக்கொண்டது இதற்குச் சான்று.

இறந்துபோன உரியா எழுப்பும் கேள்விக்கு, மிஷ்னாவை விரித்துரைக்கும் தல்மூத்தில் ஒரு நடைமுறை பிறந்தது. தீங்கிழைத்தவர் பத்துப் பேரை அழைத்துக்கொண்டு இறந்தவரின் கல்லறைக்குச் சென்று, அவர்கள் முன்னிலையில் தன் குற்றத்தைச் சொல்ல வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த சட்ட அறிஞர் மைமோனிடீஸ் இதைச் சட்டமாகத் தொகுத்தபோது பணக்கடனையும் மறக்கவில்லை. இறந்தவருக்குத் தரவேண்டியதை வாரிசுகளிடம் கொடுக்க வேண்டும். வாரிசு யாரென்று தெரியாவிட்டால் நீதிமன்றத்தில் வைத்துவிட்டு அறிக்கையிட வேண்டும். எண்ணாகமத்தில் ஆசாரியன் நின்ற இடத்தில் இப்போது நீதிமன்றம் நிற்கிறது. கடன் மட்டும் அப்படியே இருக்கிறது.