போங்கோ: ஒரு வண்டி வீடான வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன், வட இங்கிலாந்தில் நண்பர் ஒருவரின் வேனில் நாம் இரண்டு இரவுகள் உறங்க நேர்ந்தது. அவர் சாவியைத் திருப்பியதும் வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் மிகப் பணிவாக ஏதோ சொன்னது. "வாங்கிய நாள் முதல் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறது" என்றார் நண்பர். அதன் பொருள் விளங்கவே அவருக்குச் சில ஆண்டுகள் ஆயினவாம்: அட்டை செருகப்படவில்லை. ஜப்பானிய நெடுஞ்சாலைகளில் சுங்கத்தைத் தானே கழித்துக்கொள்ளும் கருவியின் குரல் அது; நம் ஊர் ஃபாஸ்டாகுக்கு மூத்த உறவு எனலாம். வண்டி நாடு மாறிப்போன செய்தியை அதனிடம் யாரும் சொல்லவில்லை.

அந்த வேனின் பெயர் மாஸ்டா போங்கோ ஃப்ரெண்டி. போங்கோ என்பது ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் மான் வகை ஒன்றின் பெயர். 1966-இல் மாஸ்டா தன் சிறிய வேனுக்கு இப்பெயரைச் சூட்டியது. பின்னர் 1981-இல் கொரியாவின் கியா நிறுவனம் அதே பெயரில் பயணியர் வேனை வெளியிட, அங்கே வேன் என்றாலே போங்கோ என்றாகிவிட்டது. நகலெடுப்பதை நாம் ஜெராக்ஸ் என்பது போலத்தான். இலக்கணம் பயிற்றும் தொழிலில் இருப்பதால் இத்தகைய ஆகுபெயர்களைக் கண்டால் சற்று நின்றுவிடுகிறோம், வாசகர்கள் பொறுத்தருள்க.

நாம் பேசவந்த ஃப்ரெண்டி 1995-இல் வெளிவந்தது. 2005 வரை உற்பத்தியில் இருந்தது. இதே வண்டி ஃபோர்டு ஃப்ரீடா என்ற பெயரிலும் ஜப்பானில் விற்கப்பட்டது. எட்டுப் பேர் அமரலாம். இருக்கைகளைச் சாய்த்து விரித்தால் படுக்கையாகும். சில வண்டிகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் மின்விசையால் கூரையே மேலெழும். உள்ளிருந்து ஏறிச் சென்று அங்கே இருவர் படுத்துக்கொள்ளலாம். தொண்ணூறுகளின் ஜப்பானியக் குடும்பங்கள் வார இறுதியில் மலைக்கும் கடலுக்கும் கிளம்பிய காலத்தின் பிள்ளை இது.

அத்தகைய வண்டி பிறந்த நாட்டில் நெடுநாள் தங்க இயலாமற்போனதற்குச் சட்டமே முதற்காரணம். ஜப்பானில் புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும், அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் 'ஷாகென்' என்னும் கட்டாயச் சோதனை உண்டு. சோதனைக் கட்டணம், பழுதுநீக்கம், காப்பீடு, எடைவரி எல்லாம் சேர்ந்து வரும் செலவை எண்ணிப் பார்த்து, நன்றாக ஓடும் வண்டியையே பலர் விற்றுவிடுகின்றனர். இதன்மேல் டீசல் புகை குறித்த எதிர்ப்பும் சேர்ந்தது. 1999-இல் டோக்கியோ ஆளுநர் இஷிஹாரா ஷிந்தாரோ கரித்தூள் அடைத்த ஒரு பிளாஸ்டிக் குப்பியைச் செய்தியாளர்கள் முன் குலுக்கிக் காட்டியது அந்நாட்டில் மறக்கப்படாத காட்சி. 2001-இல் வாகனப் புகைச் சட்டம் திருத்தப்பட்டபோது பெருநகரப் பகுதிகளின் டீசல் கார்களும் அதன் கட்டுக்குள் வந்தன. ஏலக்கூடங்களில் குவிந்த வண்டிகள் கப்பலேறின.

பிரிட்டன் அவற்றை ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் எளியது. இரண்டும் இடப்பக்கம் வண்டி ஓட்டும் தீவு நாடுகள். ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். பயணியரின் சறுக்குக் கதவு நடைபாதையை நோக்கி இடப்பக்கம். மாற்ற வேண்டியவை சிலவே. கிலோமீட்டர் காட்டும் வேகமானி மைலுக்கு மாறவேண்டும். பின்புறம் பனிமூட்ட விளக்கு ஒன்று பொருத்தவேண்டும். ஜப்பானியப் பண்பலை 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரையே ஒலித்ததால், பிரிட்டிஷ் நிலையங்களில் பெரும்பாலானவை அந்த வானொலியில் கேட்கா.

ஆனால் மாஸ்டா நிறுவனம் இந்த வண்டியைப் பிரிட்டனில் ஒருபோதும் விற்றதில்லை. எனவே முகவர்களிடம் உதிரிபாகமும் இல்லை, ஆங்கிலக் கையேடும் இல்லை. வாங்கியவர்களே ஒருவருக்கொருவர் ஆசிரியரானார்கள். சுவிட்சுகளின் மேலுள்ள எழுத்துகளைப் படித்தறிந்தார்கள். எந்த வடிகட்டி எந்த வண்டியின் வடிகட்டியோடு பொருந்தும் என்று பட்டியலிட்டார்கள். ஏடு பெயர்த்தெழுதிய பழங்காலத்து வேலையோடு ஒப்பிடத்தக்க உழைப்பு அது.

அவர்கள் முதலில் கற்ற பாடம் தண்ணீரைப் பற்றியது. இந்த வண்டியில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. ரேடியேட்டரோ மூக்கின் நுனியில். பின்னிருக்கைக்காரர்களுக்குத் தனியே ஒரு வெப்பமூட்டி. ஆகவே குளிர்விக்கும் நீர் வண்டியின் அடிவயிற்றில் நெடுந்தூரம் குழாய்களில் ஓடவேண்டும். பனிக்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பு, துருத்தடுப்புப் பூச்சு போதாத அடிப்பகுதியை அரித்துவிடுகிறது. எங்கோ ஒரு குழாய் கசியும். வெப்பமானியின் முள்ளோ கடைசி வரை அசையாது. கடிகாரத்தின் பதினொரு மணி நிலையில் அப்படியே நிற்கும். அது அசைந்து ஏறுவதை நாம் காணும்போது பெரும்பாலும் சிலிண்டர் தலை வெடித்திருக்கும். அதைச் சரிசெய்யும் செலவு சில வேளைகளில் வண்டியின் விலையையே எட்டிவிடும். அதனால்தான் நீர்மட்டம் குறைந்தால் ஒலியெழுப்பும் சிறு கருவியை உரிமையாளர்கள் தாமே பொருத்திக்கொள்கின்றனர். நீரை மாற்றினால் குழாய்களில் காற்று தங்காமல் வெளியேற்றுவதற்கு ஒரு முற்பகல் போய்விடும். நம் நண்பர் அன்று காலை தேநீருக்கு முன் செய்த முதல் வேலை, டார்ச்சோடு குனிந்து நீர்மட்டம் பார்த்ததுதான்.

வேனைக் கேம்பர் வேனாக, அதாவது அடுப்படியும் படுக்கையும் கொண்ட வண்டியாக மாற்றுவதில் இரண்டு வழிகள் உண்டு. பழைய இருக்கைகளை வைத்துக்கொண்டு வாலில் மட்டும் சிறு சமையலறை அமைப்பது ஒன்று. நடு இருக்கைகளை முற்றிலும் நீக்கி, கதவில்லாத வலப்பக்கம் முழுதும் அலமாரி, அடுப்பு, நீர்த்தொட்டி என்று வரிசையாக அமைப்பது மற்றொன்று. எஞ்சினை எழுப்பும் பாட்டரியை விளக்குக்கும் குளிர்பெட்டிக்கும் செலவழித்தால் காலையில் வண்டி கிளம்பாது. ஆகவே இரண்டாவது பாட்டரி வேண்டும், ஓடும்போது இரண்டுக்கும் மின்னேற்றும் இணைப்பும் வேண்டும். நம்மை வியப்பிலாழ்த்தியது தரையில் இருந்த ஒரு துளை. எரிவாயு உருளை இருக்கும் பெட்டிக்கு அடியில் வேண்டுமென்றே இடப்பட்டது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே செல்லாமல் தரையில் தேங்கும். அது வெளியேறத்தான் அந்த வழி. நன்றாய் இருந்த தரையில் துளையிட்ட அன்று கை நடுங்கியது என்றார் நண்பர்.

வண்டிக்குள் வாழ்வது பிரிட்டனுக்குப் புதிதன்று. அதை இருவேறு கண்களால் பார்ப்பதும் புதிதன்று. 1885-இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர், சிறுவர் கதைகள் எழுதியவர், 'வாண்டரர்' என்ற பெயரில் ஒரு வண்டி வீட்டைப் பிரிஸ்டலில் செய்வித்து, இரு குதிரைகள் பூட்டி, ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை சென்றார். பணியாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே சென்று வழி ஒதுக்கினார். ஊரார் வேடிக்கை பார்த்தனர், நூல் எழுதினார், பொழுதுபோக்கு வண்டிவீட்டின் தந்தை என்று பெயர் பெற்றார். அதே எண்பதுகளில் கோல்வில் ஊரின் ஜார்ஜ் ஸ்மித் என்பவர், ஜிப்சிகளின் வண்டிகளையெல்லாம் பதிவுசெய்து, அதிகாரிகள் உள்ளே புகுந்து சோதிக்கச் சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் முயன்றுகொண்டிருந்தார். அவர் தீயவரல்லர், செங்கல் சூளையில் உழைத்த சிறுவர்களுக்காகப் போராடியவர். இருந்தாலும் வண்டியில் வாழ்ந்த திருவிழாக் காட்சிக்காரர்கள் 1889-இல் சங்கம் அமைத்து அந்த மசோதாவை எதிர்த்தனர். மசோதா நிறைவேறவில்லை.

மருத்துவரின் வண்டியிலும் ஜிப்சியின் வண்டியிலும் இருந்தவை ஒரே அடுப்பும் ஒரே படுக்கையுமே. திரும்பிச் செல்ல வீடு இருப்பவன் அதில் உறங்கினால் உல்லாசம். இல்லாதவன் உறங்கினால் தொல்லை. ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து 2022-இல் வந்த காவல்துறை, குற்றம் குறித்த சட்டம் ஒன்றும், அனுமதியின்றிப் பிறர் நிலத்தில் வண்டியோடு குடியிருந்து, சேதமோ இடையூறோ விளைவித்து, சொல்லியும் போகாதவர்களுக்குச் சிறை வரை தண்டனை வகுத்தது. வண்டியையும் பறிமுதல் செய்யலாம். 2024-இல் உயர் நீதிமன்றம் அதன் ஒரு பகுதி மனித உரிமைச் சட்டத்தோடு பொருந்தவில்லை என்று கூறியது. வண்டி பறிபோனால் ஸ்டேபிள்ஸ் போன்றவருக்குப் போவது ஒரு கோடைக்காலம். மற்றவருக்குப் போவது கூரை.

எது வீட்டுவண்டி என்பதைத் தீர்மானிப்பதும் தாளில் உள்ள சொல்தான். 2019 முதல் பதிவுத்துறை, மாற்றப்பட்ட வேனை வெளியிலிருந்து பார்த்தே கேம்பர் என்று அறியவேண்டும் என வற்புறுத்துகிறது: பக்கவாட்டுச் சன்னல்கள், இருபுறமும் அலங்காரக் கோடுகள், நிழற்கூரை பொருத்தும் கம்பி, உயர்ந்த கூரை. ஆனால் மேலெழும் கூரை அந்த உயர்ந்த கூரையில் சேராது என்றும் விதியிலேயே எழுதியிருக்கிறது. போங்கோவின் பெருமையே அந்தக் கூரைதான்! உள்ளே அடுப்பும் படுக்கையும் இருந்தும் எத்தனையோ வண்டிகள் தாளில் இன்னும் வெறும் வேன்களாகவே ஓடுகின்றன, நண்பருடையதும் அப்படித்தான்.

2023 ஆகஸ்டில் லண்டனின் தூய காற்று மண்டலம் மாநகரம் முழுவதும் விரிந்தது. பழைய டீசல் வண்டி உள்ளே நுழைந்தால் நாளொன்றுக்குப் பன்னிரண்டரைப் பவுன். டோக்கியோவில் எந்தப் புகைக்காக வெளியேறியதோ, அதே புகைக்காக இங்கும் வாசலில் நிற்கிறது. காற்றைச் சுவாசிக்கும் குழந்தைகளின் பக்கம் நின்று பார்த்தால் அந்த விதியைக் குறைசொல்ல நமக்கு மனமில்லை.

லண்டனில் மகள் வீட்டுக்கு இப்போது ரயிலில்தான் போகிறார் நண்பர். வடக்கே ஏரிகளுக்கு மட்டும் வேன். நாம் கிளம்பிய காலையில் கண்ணாடிகளில் உறைபனி படிந்திருந்தது. நீர்மட்டம் பார்த்தாயிற்று. கூரை மெல்ல முனகிக்கொண்டே கீழிறங்கியது. சாவியைத் திருப்பினார், முள் மெதுவாக ஏறிப் பதினொரு மணியில் நின்றது. அந்தக் குரல் மீண்டும் அட்டையைக் கேட்டது.