தலையை மோதிக்கொள்ளும் பிள்ளை: எல்கடுவவிலும் கூடலூரிலும்

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் இலங்கை மலையகத் தமிழ்க் குடும்பங்களைப் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பத்து வருடம் கழித்துப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் கப்பலேறினான், தம்பி தோட்டத்து லயத்திலேயே நின்றான். போனவர்களுக்காகத் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது; அதுதான் கூடலூரிலும் தோட்டம் வைத்திருக்கும் இன்றைய டான்டீ. இலங்கையின் மாத்தளை மாவட்டத்து எல்கடுவவின் பெயரைத் தாங்கிய எல்கடுவ பிளான்டேஷன்ஸ் நிறுவனமும் அரசுடையதே. இரு பக்கமும் கொழுந்து, இரு பக்கமும் அரசே முதலாளி. கடும் ஆட்டிசத்தோடு, தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் ஒரு பிள்ளை கூடலூரில் அண்ணன் வீட்டில் பிறந்தால் என்ன கிடைக்கும், எல்கடுவவில் தம்பி வீட்டில் பிறந்தால் என்ன கிடைக்கும்?

இரண்டு வீட்டுக்கும் பொதுவானதை முதலில் சொல்லிவிடலாம். தலையை மோதுவது, கன்னத்தில் அறைந்துகொள்வது, கையைக் கடிப்பது எல்லாம் வளர்ப்புக் குற்றமும் அல்ல, செய்வினையும் அல்ல. பல ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான மதிப்பீட்டின்படி, ஆட்டிசம் உள்ளவர்களில் 42 விழுக்காட்டினரிடம் ஏதோ ஒரு வகையில் இது காணப்படுகிறது. வாயால் சொல்ல முடியாததை உடம்பு சொல்கிறது. அதனால் காதுவலி, பல்வலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு, அடித்துக்கொள்வதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அடித்துக்கொண்டதும் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று கவனிக்க வேண்டும். இந்தத் தேடலை முறையான சோதனையாக அமெரிக்க உளவியலாளர் பிரையன் இவாட்டாவும் அவருடைய குழுவினரும் 1982இல் வகுத்தார்கள். தகரக் கூரையில் மழை அறையும்போது தொடங்குகிறதா? பக்கத்துக் காம்பராவில் சண்டை வந்தாலா? சோறு தாமதமானாலா? காரணம் பிடிபட்டால், அதே தேவையைப் படம் காட்டியோ கைச்சைகையாலோ கேட்கப் பழக்கலாம். ரிஸ்பெரிடோன் போன்ற மாத்திரை வேகத்தைத் தணிக்கும், உடம்பையும் பருக்க வைக்கும்; காரணத்தைத் தேடித் தராது.

கண்டுபிடிப்பதில் எல்கடுவவுக்கு ஒரு பலம் உண்டு. இலங்கையில் குடும்பநல மாது வீடு தேடி வருகிறார். பிள்ளையின் வளர்ச்சி பதிவேட்டில் ஏறுகிறது. பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் மருத்துவமனை இருக்கிறது, சிகிச்சைக்குக் காசில்லை. கூடலூர் பக்கத்தில் 2013இல் தொடங்கிய பள்ளிச் சிறார் நலத்திட்டத்தின் நடமாடும் குழு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து பார்க்கிறது. பள்ளிக்கே போகாத பிள்ளை அதன் கண்ணில் படுவது கடினம். ஆனால் எல்கடுவவின் பலம் மொழியில் வந்து முடங்குகிறது. மோதலுக்கு முன் என்ன நடந்தது என்பதைத் தாய் சொன்னால்தானே சிகிச்சையே தொடங்கும்? அவள் தமிழில் சொல்கிறாள். எதிரே இருப்பவருக்குப் பெரும்பாலும் சிங்களம். கூடலூர்த் தாய்க்கு அந்தத் தடை இல்லை.

சட்டத்தில் கூடலூர் வெகுதூரம் முன்னே நிற்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லியே ஏற்கின்றன. பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்ததும், கலெக்டர் தலைமையிலான குழுவிடம் சட்டப் பாதுகாவலர் சான்று வாங்கலாம். நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. இலங்கையில் இருப்பது மாற்றுத்திறனாளிகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை 2016இல் ஏற்ற பிறகும் அதற்கேற்ற புதுச் சட்டம் நெடுநாளாகப் பேச்சளவில் நிற்கிறது. வளர்ந்த மகன் கட்டுக்கடங்காமல் போனால், அண்டக் கிடைப்பது 1873இல் வெள்ளைக்காரன் எழுதிய மனநோய்ச் சட்டம்தான்.

உதவித்தொகையில் தம்பி வீடு சற்று மேலே. இலங்கையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2025இல் 10,000 ரூபாய் ஆனது. இந்தியக் காசில் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. தமிழகத்தில் அறிவுசார் குறைபாடும் கடும் பாதிப்பும் உள்ளவர்களுக்கு 2,000 ரூபாய். இரண்டுமே, பிள்ளையைப் பார்க்க வேலையை விட்ட தாயின் சம்பளத்துக்கு ஈடாகாது. 2024இல் இலங்கைத் தோட்டத்தின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. பத்தாயிரம் என்பது எட்டு நாள் சம்பளத்துக்குக்கூடக் காணாது.

இங்கேதான் இரண்டு வீடும் ஒன்றாகின்றன. தாய் மலைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. ஆளில்லாத வீட்டில் கதவைப் பூட்டுவதும், கையைத் துணியால் கட்டுவதும்தான் கைக்கெட்டிய வழி. கட்டுவதன் முடிவு என்ன என்பதைத் தமிழகம் ஏர்வாடியில் பார்த்தது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்த மனநோயாளிகளில் 28 பேர் கருகிப் போனார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்தது. தடை வந்தது சரி. கட்டாமல் பார்த்துக்கொள்ளும் ஆள் எங்கே? அந்த ஆளை எந்தச் சட்டமும் தோட்டத்துக்கு அனுப்பவில்லை.

இத்தனைக்கும் ஆள் வைக்கும் வழக்கம் தோட்டத்துக்குப் புதிதல்ல. எல்கடுவ லயத்தில் தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பரா உண்டு. இந்தியத் தோட்டங்களில் 1951ஆம் ஆண்டுச் சட்டமே அதைக் கட்டாயமாக்கியது. எல்கடுவவில் ஐந்து வயதோடு, கூடலூரில் ஆறு வயதோடு அதன் கதவு மூடிக்கொள்கிறது. இந்தப் பிள்ளைக்கோ அது பதினைந்திலும் வேண்டும், முப்பதிலும் வேண்டும்.

என் தீர்ப்பு இது: பாதுகாவலர் சட்டத்தை இலங்கை இந்தியாவிடம் கேட்டு வாங்கட்டும், வீட்டு வாசலுக்கு வரும் குடும்பநல மாதை இந்தியா இலங்கையிடம் பார்த்துப் படிக்கட்டும். இரண்டு அரசும் முதலாளிகள் என்ற முறையில், தங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் தமிழ் தெரிந்த, பயிற்சி பெற்ற ஓர் ஆளை வைத்து, வயது வரம்பு பாராமல் இந்தப் பிள்ளைகளைப் பகலில் ஏற்க வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுக்குப் போகும்போது இதையும் கோரிக்கையில் எழுதட்டும்.