காதில் கட்டிய சீட்டு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், சுப்பீரியர் ஏரியை ஒட்டிப் போகும் 17ஆம் நெடுஞ்சாலையில் ஒரு அக்டோபர் மாதம் பெட்ரோல் போட நின்றேன். பக்கத்தில் நின்ற பிக்கப் வண்டியில் தார்ப்பாய்க்கு வெளியே ஒரு மூஸின் தலை, கொம்போடு. மான் குடும்பத்திலேயே பெரிய விலங்கு அது. வளர்ந்த ஆண் 500 கிலோவைக்கூடத் தாண்டும். இறைச்சியைத் தனியாகத் துண்டு போட்டுக் கட்டியிருந்தார்கள். “தலை எதுக்கு, சுவரில் மாட்டவா?” என்று கேட்டேன். வண்டிக்காரர் சிரித்தார். “வழியில மடக்கினா, இது ஆண்தான்னு எதை வெச்சுக் காட்டுறது?”

அவர் சொன்னதில் ஒரு பெரிய ஏற்பாடே அடங்கியிருக்கிறது. ஒன்டாரியோவை வனவிலங்கு நிர்வாக அலகுகளாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். பல இடங்களில் எல்லை என்பது வெறும் சாலை, ஆறு, அல்லது ரயில் பாதை. வளர்ந்த மூஸைச் சுட லைசென்ஸ் மட்டும் போதாது, தனியாக ஒரு சீட்டு வேண்டும். ஆணா பெண்ணா, எந்த அலகு, எந்தக் காலம் என்பதெல்லாம் அதில் இருக்கும். எத்தனை சீட்டு என்பதை விலங்குகளின் எண்ணிக்கையைக் கணித்து முடிவு செய்கிறார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் சுட்டால் வேட்டை, அந்தப் பக்கம் சுட்டால் குற்றம். செத்த மூஸ் தான் எந்தப் பக்கம் நின்றது என்று சொல்லப் போவதில்லை. அதனால்தான் சீட்டு, தேதி, கொம்பு. இன்னொன்றும் உண்டு. அந்த மாகாணச் சட்டப்படி, ‘எனக்கு அனுமதி இருந்தது’ என்பதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது.

இதெல்லாம் வேட்டைக்காரர்களின் தலைவலி, நமக்கென்ன என்றுதான் நானும் நினைத்தேன், பவ்லி வழக்கின் தீர்ப்பை வாசிக்கும் வரை.

1993 அக்டோபர் 22, வெள்ளிக்கிழமை. சூ செயின்ட் மரீ நகரத்திலிருந்து ஸ்டீவ் பவ்லியும் அவர் மகன் ராடியும் வடக்கே கிளம்பினார்கள். காலை ஒன்பது மணி வாக்கில் பழைய கூலே பே சாலை அருகே ஓர் ஆண் மூஸைச் சுட்டார்கள். இருவரிடமும் லைசென்ஸ் இல்லை, அரசாங்கச் சீட்டும் இல்லை. ஆனால் ஸ்டீவ் ஒரு வேலை செய்தார். ஒரு சீட்டைத் தன் கையாலேயே எழுதி மூஸின் காதில் கட்டினார். தேதி, நேரம், சுட்ட இடம் என்று விதி கேட்பதையெல்லாம் எழுதினார். இது குளிர்காலத்துக்கான இறைச்சி என்றும் குறிப்பிட்டார். கையெழுத்துப் போட்டு, மேட்டீ மக்களின் சங்கம் ஒன்றில் தன் உறுப்பினர் எண்ணையும் சேர்த்தார்.

அன்றைக்கே இரண்டு அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். ஆமாம், நாங்கள்தான் சுட்டோம் என்றார்கள் பவ்லிகள். ஒரு வாரத்தில் வழக்கு.

ஒளித்து வைத்தவன் சீட்டு எழுத மாட்டான். அந்தச் சீட்டில் எப்போது, எங்கே என்பதற்கு விடை இருக்கிறது. யார் அனுமதித்தது என்ற இடத்தில் மட்டும் அரசாங்கத்தின் பெயர் இல்லை. அந்த இடத்தை நிரப்ப வரலாற்றைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

மேட்டீ என்பவர்கள் யார்? கம்பளித் தோல் வணிகத்துக்காக வந்த ஐரோப்பியர்களுக்கும் முதற்குடிப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள், அவர்களின் பிள்ளைகள் என்று வளர்ந்து, தங்களுக்கென்று ஒரு வாழ்க்கைமுறையை உருவாக்கிக்கொண்ட சமூகம். சூ செயின்ட் மரீயில் அவர்கள் ஆற்றங்கரையில் வீடு கட்டி, மீன் பிடித்து, வேட்டையாடி வாழ்ந்தார்கள். 1840களில் ஏரிக்கரையில் சுரங்கக் கம்பெனிகள் நுழைந்தன. யாரும் எழுதிக்கொடுக்காத நிலத்தில் அரசு அவற்றுக்கு உரிமம் தந்தது. 1849இல் ஒஜிப்வே தலைவர்களும் மேட்டீகளும் சேர்ந்து மைக்கா பே சுரங்கத்தைக் கைப்பற்றினார்கள். அடுத்த வருடமே ராபின்சன் ஒப்பந்தங்கள். மேட்டீகளையும் சேருங்கள் என்று ஒஜிப்வே தலைவர்கள் கேட்டார்கள். நான் பேச வந்தது தலைவர்களோடு மட்டும்தான், வேண்டுமானால் உங்கள் பங்கிலிருந்து அவர்களுக்குக் கொடுங்கள் என்ற பொருளில் பதில் சொன்னார் ராபின்சன்.

அதாவது, 1850இல் அவர்களைத் தாளில் எழுதவில்லை. 1993இல் ‘தாள் எங்கே?’ என்று கேட்டார்கள்.

1982இல் வந்த கனடிய அரசமைப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, பூர்வகுடி மக்கள் என்பதில் மேட்டீகளையும் சேர்த்திருந்தது. பவ்லிகள் பிடித்துக்கொண்டது அந்தப் பிரிவைத்தான். 1998இல் விசாரணை நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. மாகாணம் மேல்முறையீடு செய்தது, தோற்றது. மறுபடி செய்தது, மறுபடி தோற்றது. 2003 செப்டம்பர் 19 அன்று கனடா உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: சூ செயின்ட் மரீயிலும் அதைச் சுற்றியும் உணவுக்காக வேட்டையாட அந்த மேட்டீ சமூகத்துக்கு உரிமை உண்டு.

மாகாணம் வைத்த வாதங்களில் ஒன்று எனக்கு மறக்கவில்லை. யார் மேட்டீ என்று கண்டுபிடிப்பதே கஷ்டம், அப்புறம் எப்படி உரிமை கொடுப்பது? கஷ்டத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று நீதிமன்றம் அதை ஒதுக்கியது. ஒருவர் தன்னை மேட்டீயாகக் கருதுகிறாரா, மூதாதையர் வழித் தொடர்பு இருக்கிறதா, இன்றைய சமூகம் அவரை ஏற்றுக்கொள்கிறதா என்று மூன்று அடையாளங்களைச் சொன்னது. வம்சாவளி மட்டும் போதாது, வாய்ச்சொல்லும் போதாது.

மாகாணத்தின் கணக்கை நான் கேலி செய்யவில்லை. கணக்கு இல்லாவிட்டால் மூஸும் இருக்காது. நீதிமன்றமும் காட்டைக் காப்பது தவறு என்று சொல்லவில்லை. மூஸ் குறைந்தாலும் பிழைப்புக்காக வேட்டையாடுபவர்களை வரிசையின் முன்னால் வைக்க வேண்டும் என்றது.

ஆனால் இந்த உரிமைக்கும் எல்லை உண்டு. அது குறிப்பிட்ட இடத்தில் வாழ்ந்த குறிப்பிட்ட சமூகத்தின் உரிமை. அதனால் சண்டை மறுபடியும் கோட்டுக்கே வந்தது. 2004இல் மேட்டீ அமைப்பு தரும் வேட்டை அட்டைகளை மாகாணம் இடைக்காலமாக ஏற்றுக்கொண்டது. பிறகு, அது சட்பரிக்கு வடக்கேயும் மேற்கேயும்தான் செல்லும் என்றது. கோட்டுக்கு இந்தப் பக்கம் மீன் பிடித்தவர்கள் மீது வழக்குப் போட்டது. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு கோடே இல்லை என்று 2007இல் நீதிமன்றம் அந்த வழக்குகளை நிறுத்தியது.

ஸ்டீவ் பவ்லி அதைப் பார்க்க இல்லை, 2004இலேயே இறந்துவிட்டார். ஒரு மூஸ் சட்டப்படி வேட்டையாடப்பட்டதுதான் என்று நிரூபிக்க அவருக்கு ஏறக்குறைய பத்து வருடம் ஆகியிருந்தது. அவர் நிரூபித்தது மூஸைப் பற்றி மட்டுமல்ல. தன் ஆட்கள் அந்த ஊரில் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள் என்பதையும்தான்.

அன்று பெட்ரோல் பங்கிலிருந்து கிளம்பிய அந்த வண்டி, அடுத்த வளைவுக்குள் வேறொரு அலகுக்குள் போயிருக்கலாம். சாலையில் ஒரு பலகைதான் மாறும். அவரிடம் சீட்டு இருந்தது, பிரச்சினை இல்லை. சீட்டு கொடுக்கும் இடத்தில் பெயரே இல்லாமல் போனவர்களைத்தான் நான் அப்போது யோசிக்கவில்லை.