கரைவதற்கென்றே ஓர் உலோகம்

இரண்டு நண்பர்களோடு சேர்ந்து வாங்கிய பழைய பாய்மரப் படகு ஒன்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் அருகே எங்களுக்கு இருக்கிறது. தண்ணீருக்கடியில் உள்ள பாகங்களைப் பராமரிப்பது என் பொறுப்பு. சென்ற கோடையின் முடிவில் துறைமேடையை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க எஞ்சினைப் பின்னோக்கி இயக்கினேன். எஞ்சின் உறுமியதே தவிர படகு நிற்கவில்லை. முன்பக்கத்தில் கயிற்றோடு நின்ற மகள் கையை இழுத்துக்கொண்டாள். மறுகணம் தூணில் மோதினோம். படகில் ஒரு விரிசல். அவளுக்கு ஒன்றுமில்லை.

கரையேற்றியபோது காரணம் தெரிந்தது. எங்கள் புரொப்பெல்லர் மடங்கும் வகை. அதன் இரண்டு வெண்கல இதழ்களும் கதவு கீலில் அசைவதுபோல் அசையும். தண்டு சுழன்றால் அந்த வேகத்தில் விரியும். எஞ்சினை நிறுத்திப் பாயில் ஓடினால் தண்ணீரே அவற்றைப் பின்னால் மடக்கிவிடும். அந்தக் கீலிலும் பற்களிலும் கொட்டலசுகள் சுண்ணாம்புக் கூடு கட்டியிருந்தன. இதழ்கள் பாதியில் சிக்கியிருந்தன. ஆனால் வெண்கலத்தில் துளி அரிப்பில்லை. வசந்தத்தில் நான் மாட்டிய துத்தநாகக் கட்டி, எதிர்பார்த்தபடி, பாதி கரைந்திருந்தது. அதை மாட்டியதோடு என் கடமை முடிந்தது என்றிருந்தேன்.

இதே தவறு இதே துறைமுகத்தில் 200 ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்தேன்.

மரக்கப்பல்களைப் புழுக்களிடமிருந்து காக்க பிரிட்டிஷ் கடற்படை 1761இல் 'அலார்ம்' என்ற கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்தது. செம்பு பிழைத்தது, அதைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப்போயின. கடல்நீரில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் ஒன்று கரைந்து மற்றதைக் காக்கும். அந்த நோயையே ஹம்ப்ரி டேவி மருந்தாக்கினார். செம்பும் மெல்ல அரிபடுகிறதே, அதைத் தடுக்க வழியுண்டா என்று கடற்படை கேட்டபோது, இரும்பையோ துத்தநாகத்தையோ அதனோடு சேர்த்துப் பொருத்துங்கள் என்றார். 1824இல் சோதனைக்கு வந்த கப்பல்களில் ஒன்று 'சமராங்'. கொச்சியில் தேக்கால் கட்டி 1822இல் நீரில் இறக்கப்பட்டது, நம் பக்கத்துக் கப்பல்.

செம்பு காப்பாற்றப்பட்டது. டேவியின் கணக்கு சரி. ஆனால் காப்பிட்ட கப்பல்களின் அடியில் பாசியும் கொட்டலசும் அப்பின, வேகம் குறைந்தது. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதுதான் ஒட்டவரும் உயிர்களுக்கு நஞ்சு. கரைவதை நிறுத்தியதும் நஞ்சும் நின்றுபோனது. கடலோடும் கப்பல்களில் அதைக் கைவிடும்படி 1825இல் கடற்படை உத்தரவிட்டது. ஊரே சிரித்தாலும் அந்த யோசனை சாகவில்லை. இன்று இரும்புக் கப்பல்களிலும் எங்கள் புரொப்பெல்லர் முனையிலும் இருப்பது அதுதான்.

போர்ட்ஸ்மத்தில் நிற்கும் 'வாரியர்' போர்க்கப்பலை மகளோடு போய்ப் பார்த்தேன். 1860இல் நீரில் இறங்கியது. பாயில் ஓடும்போது இழுவையைக் குறைக்க, சுமார் 26 டன் எடையுள்ள அதன் புரொப்பெல்லரை 600 பேர் கயிறு பிடித்து மேலே தூக்குவார்களாம். எங்கள் படகில் அந்த வேலையை ஒரு சிறு கீல் செய்கிறது. அதனால் அந்தக் கீலை ஒருவர் கவனித்தே ஆகவேண்டும்.

குளிர்காலத்தில் இதழ்களைக் கழற்றி, கொட்டலசைச் சுரண்டி, தேய்ந்த ஊசிகளை மாற்றி, கிரீஸ் வைத்துப் பூட்டினேன். புதிய துத்தநாகமும் மாட்டினேன். இப்போது கோடை நடுவில் ஒருமுறை, கடல் வற்றும் நேரத்தில் படகைத் தூண்களில் சாய்த்துக் கட்டிச் சுரண்டுகிறோம். துறைக்குள் நுழையுமுன், இடம் தாராளமாக இருக்கும்போதே, ஒருமுறை ரிவர்ஸ் போட்டுப் பார்க்கிறேன்.

மகள் என்னை நம்புவதில்லை. படகு தண்ணீரில் இறங்குமுன் தானே இதழ்களைக் கையால் நாலுமுறை விரித்து மடக்கிப் பார்க்கிறாள். அதன்பிறகுதான் முன்பக்கம் போய்க் கயிற்றைக் கையில் எடுக்கிறாள்.