வாய் மூடச் சொன்ன சட்டம்

வடகவுஞ்சி, பழனி மலைத்தொடரிலே, கோடைக்கானல் வட்டத்திலே அமைந்த சிற்றூர். காப்பியும் மலைவாழையும் வளரும் பூமி. பட்டணத்துச் செய்தி மலையேறி வர ஒரு காலத்திலே நாள் பிடிக்கும். இன்றோ சென்னையிலே ஒருவர் தட்டிய எழுத்து, அடுத்த நொடியிலே மலையூர் இளைஞரின் உள்ளங்கையிலே ஒளிவிடுகிறது. அந்த வழியிலே அறிவு ஏறி வருகிறது. அதன் தோளிலே அமர்ந்துகொண்டு அவதூறும் ஏறி வருகிறது!

ஆண் ஒருவர் ஆணை விரும்புகிறார், பெண் ஒருவர் பெண்ணை விரும்புகிறார் என்று தெரிந்துவிட்டால் போதும். முகநூலிலே, இன்ஸ்டாகிராமிலே, வாட்ஸ்அப் குழுக்களிலே ஏளனம் கொட்டுகிறது. "நோய்" என்கிறார் ஒருவர். "மேல்நாட்டு இறக்குமதி" என்கிறார் மற்றொருவர். "நம் பண்பாட்டிலே இல்லாதது" என்கிறார் மூன்றாமவர். "ஒன்பது" என்று ஓர் எண்ணையே வசையாக்கி எக்காளமிடுகிறார் நான்காமவர். அதே குழுவிலே, தன் உள்ளத்து இயல்பை எவரிடமும் சொல்லத் துணியாத இளைஞர் ஒருவர், அத்தனையையும் படித்துக்கொண்டு வாய் திறவாது இருக்கக்கூடும். ஏசுவோர் அதனை அறியார்.

இந்த ஏச்சு எங்கே பிறந்தது? எவர் பெற்று, எவர் வளர்த்தது? வரலாற்றைப் புரட்டினால் விடை கிடைக்கும்.

1834ஆம் ஆண்டு ஜூன் திங்களிலே மெக்காலே சென்னையிலே வந்திறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அப்போது உதகமண்டலத்திலே தங்கியிருந்தார். பல்லக்கிலே சுமந்து செல்லப்பட்ட மெக்காலே, சில திங்கள் நீலமலைக் குளிரிலே கழித்துவிட்டுக் கல்கத்தா சென்றார். இந்தியாவுக்கு ஒரு தண்டச் சட்டம் வகுக்கும் வேலை, அவர் தலைமையிலான சட்டக் குழுவுக்கு வந்தது. 1837இல் வரைவு முடிந்தது. எது திருட்டு, எது கொலை என்பதற்கெல்லாம் அதிலே விளக்கமுண்டு, எடுத்துக்காட்டுண்டு, காரணங்காட்டும் குறிப்புகள் பக்கம் பக்கமாக உண்டு. "இயற்கைக்கு மாறான குற்றம்" என்று தலைப்பிட்ட இடத்திலே மட்டும் பேனா நின்றுவிட்டது! இது அருவருப்பான பொருள், இதைப்பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நல்லது, பொதுவிலே விவாதம் எழும்படி எதையும் எழுத விரும்பவில்லை என்று சட்டக் குழு ஒதுங்கிக்கொண்டது.

தோழர்களே, இதனைக் கூர்ந்து நோக்குங்கள். மனிதரைச் சிறையிலே தள்ளும் விதி. அதற்குக் காரணம் சொல்ல மறுக்கிறார் சட்டம் செய்தவர். "ஏன்?" என்று கேட்பதையே அருவருப்பு என்கிறார். காரணம் கேளாதே, கட்டளைக்குப் பணி என்ற குரலை நாம் கேட்டதில்லையா? தீண்டாமைக்குக் காரணம் கேட்டபோது கேட்டோம். கைம்பெண்ணின் கூந்தலைக் களைவதற்குக் காரணம் கேட்டபோது கேட்டோம். அதே குரல்தான் இங்கே சட்டப் புத்தகத்திலே அமர்ந்துகொண்டது.

1860இல் தண்டச் சட்டம் நிறைவேறியது. 1862 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 377ஆம் பிரிவு, ஆயுள் தண்டனை அல்லது பத்தாண்டு வரை சிறை என்றது. இருவர் மனமொப்பியதா, ஒருவர் மற்றவரை வதைத்ததா என்ற வேறுபாடுகூட அதிலே இல்லை. இங்கிலாந்திலோ 1533இல் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் இதற்குத் தூக்குத் தண்டனை விதித்திருந்தது. 1861இல்தான் அந்தக் கயிறு அவிழ்ந்தது. தன் வீட்டுப் பழைய அழுக்கை நம் வீட்டுக்கு அனுப்பி வைத்தது வெள்ளை ஏகாதிபத்தியம். நாமோ அதனைத் துவைத்து மடித்து, "நம் பாட்டன் தந்த பட்டாடை" என்று பெட்டியிலே வைத்துப் பூட்டிக்கொண்டோம்! இறக்குமதி எது என்று கேட்போருக்கு இதுவே விடை. அன்பு இறக்குமதியன்று, அதற்கு விலங்கிட்ட சட்டமே இறக்குமதி.

"பண்பாட்டிலே இல்லை" என்போர் தொல்காப்பியத்தைத் திறந்து பார்க்கட்டும். ஆண்மை திரிந்தாரைச் சுட்டும் பெயரைச் சொல்லதிகாரத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டு, அதனை உயர்திணை முடிபிலே சேர்க்கிறது அந்நூல். இன்று திருநர் எனப்படும் மக்களோடு நெருங்கியது அந்தச் செய்தி. ஒருவர் எவரை விரும்புகிறார் என்பது வேறு பொருள். பழமையிலே இருப்பதாலேயே ஒன்று சரியாகிவிடும் என்பதும் நம் கொள்கையன்று. ஆயினும் ஒன்று தெளிவு. இலக்கணம் மனிதராக வைத்தவரை, கைப்பேசியிலே "அது" என்று அஃறிணையாக்கி எழுதுகிறாரே இன்றைய பண்பாட்டுக் காவலர், அவர் காப்பது எந்தப் பண்பாட்டை?

ஏசுவோர் கையிலே இருக்கும் கருவியின் கதையையும் கேளுங்கள். கணிப்பொறி என்ற எண்ணத்துக்கு 1936இல் கணித அடித்தளம் இட்டவர் ஆலன் டூரிங் என்ற ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போரிலே ஜெர்மானியரின் மறைமொழியை உடைத்தவர்களிலே தலையாயவர். ஆணை விரும்பியவர் என்ற குற்றத்துக்காக 1952இல் அதே இங்கிலாந்து அவரைக் கூண்டிலே ஏற்றியது. சிறையா, உணர்ச்சியை ஒடுக்கும் மருந்தா என்று கேட்டது. மருந்தை ஏற்றார். 1954 ஜூன் 7ஆம் நாள், 41 வயதிலே மாண்டார். 2013இல் அரச மன்னிப்பு வழங்கினர். செத்தவர் எழுந்து வந்து பெற்றுக்கொள்ளவில்லை. நம் மதுரையிலே 2012 ஜூலையில் அவர் பெயராலேயே ஒரு வானவில் விழா நடந்தது. எந்த அறிஞர் மூளையிலே உருவான எண்ணம் கைப்பேசியாக வளர்ந்ததோ, அவரைப் போன்றோரை வதைக்கவே அந்தக் கைப்பேசி பயன்படுகிறது!

"நோய்" என்பாருக்கும் விடையுண்டு. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973இல் தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியது. உலகச் சுகாதார நிறுவனம் 1990 மே 17இல் நீக்கியது. மருத்துவ நூல் கைவிட்ட கருத்தை, மருத்துவம் படிக்காதவர் கட்டிக்கொண்டு அழுகிறார்.

இந்தியாவிலே 377ஐ எதிர்த்து நாஸ் அறக்கட்டளை 2001இல் டில்லி உயர்நீதிமன்றம் சென்றது. மனமொப்பிய வயதுவந்தோர் உறவு குற்றமாகாது என்று 2009 ஜூலை 2இல் தீர்ப்பு வந்தது. 2013 டிசம்பர் 11இல் உச்சநீதிமன்றம் அதனைக் கவிழ்த்தது. பாதிக்கப்படுவோர் மிகச் சிறிய தொகையினர் என்ற பேச்சும் அந்தத் தீர்ப்பிலே இடம்பெற்றது. உரிமை என்பது தலைகளை எண்ணித் தரும் கூலியா? ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற ஆயம் 2018 செப்டம்பர் 6இல் ஒருமனதாக அந்தத் தவற்றைத் திருத்தியது. 2024 ஜூலை முதல் நாளோடு மெக்காலே வழிவந்த தண்டச் சட்டமே விலகிவிட்டது. புதிய சட்டத்திலே 377 போன்ற பிரிவு இல்லை.

சட்டம் செத்தது. வசை சாகவில்லை! ஏன்?

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக "பேசாதே" என்றது சட்டம். பேசாதே என்றால் மக்கள் பேசாமலா இருப்பர்? நல்ல சொல் பிறக்க வழியில்லாத இடத்திலே கெட்ட சொல் முளைத்தது. பாடநூலிலே இல்லை, பள்ளியிலே இல்லை, வீட்டிலே இல்லை. திரைப்படத்தின் நகைச்சுவைக் காட்சியிலே மட்டும் இருந்தது, சிரிப்புப் பொருளாக. அந்தக் காட்சியை வெட்டி ஒட்டிப் படமாக்கிப் பரப்புகிறது இன்றைய கைப்பேசி. முகத்தை மறைத்துக்கொண்டு எழுதலாம். ஆயிரம் பேரோடு சேர்ந்து எறிவதால் தன் கல் எதுவென்று எவருக்கும் தெரியாது. ஏளனத்துக்கு விருப்பக்குறி மிகுதியாகக் கிடைக்கிறது. கிடைப்பதால் ஏளனம் பெருகுகிறது. நட்பென்று நம்பி அனுப்பிய சொற்களைப் படம்பிடித்துப் பெற்றோருக்கு அனுப்புவோர் உண்டு. காதலிப்பதுபோல் பேசி ஓரிடத்துக்கு வரவழைத்து, அடித்துப் பணம் பறிக்கும் கயவரும் உண்டு. மிரட்டிப் பணம் பறிப்பது இன்றும் தண்டனைக்குரிய குற்றம்; ஆயினும் உண்மை வெளியாகுமே என்ற அச்சத்தால் காவல்நிலையப் படியேறத் தயங்குகிறார் பாதிக்கப்பட்டவர். அந்த அச்சமே கயவனின் முதலீடு!

2023 நவம்பரிலே உஜ்ஜயினி நகரிலே 16 வயதுப் பிள்ளை ஒன்று உயிரை மாய்த்துக்கொண்டது. ஒப்பனைக் கலையிலே ஆர்வம் கொண்ட பிள்ளை. தீபாவளிக்குப் புடவை கட்டி இன்ஸ்டாகிராமிலே படம் வெளியிட்டது. அதன் கீழே ஆயிரக்கணக்கிலே வசைமாரி. எழுதியோர் ஒவ்வொருவரும் "நான் ஒரு வரிதானே எழுதினேன்" என்பர். துளித் துளியாக வார்த்தால் நஞ்சு நஞ்சாகாதா?

இதே கைப்பேசிக்கு மற்றொரு முகமும் உண்டு. சிற்றூரிலே பிறந்து, தன்னைப் போல் உலகிலே வேறெவரும் இல்லையென்று எண்ணி ஏங்கியவருக்கு, "நீ தனியாள் அல்லை" என்ற முதற்குரல் அதன் வழியாகவே வருகிறது. ஆறுதல் வரும் வாயிலிலேயே அடியும் காத்திருப்பதுதான் கொடுமை. அந்த வாயிலை அடைப்பது விடையாகாது. காத்திருக்கும் கம்பைப் பிடுங்குவதே விடை.

அதற்கு வழிகாட்டிய நிகழ்ச்சியொன்று நம் சென்னையிலேயே நடந்தது. மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள், ஒருவரையொருவர் விரும்பி, வீட்டாரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்து, காவலரின் தொல்லையிலிருந்து காக்குமாறு உயர்நீதிமன்றத்தை நாடினர். வழக்கைக் கேட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார்? இப்பொருளிலே தமக்குப் போதிய அறிவில்லை, தம் உள்ளத்திலும் முற்கோள் உண்டு என்று திறந்த மன்றத்திலே ஒப்பினார். உளநல அறிஞரிடம் சென்று மாணவராக அமர்ந்து கற்றார். கற்றபின் தீர்ப்புரைத்தார். ஆசனத்திலே இருப்பவர் அறியாமையை ஒப்புக்கொண்டு கற்பது நம் நாட்டிலே எத்தனை அரிது! அந்த ஆணை பிறந்த நாள் 2021 ஜூன் 7. டூரிங் மாண்ட அதே நாள், 67 ஆண்டுகள் கழித்து.

மருந்தாலும் மிரட்டலாலும் இயல்பை மாற்ற முனைவதை அந்த ஆணை தடுத்தது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதனை மருத்துவத் தொழில்நெறிக்கு மாறானது என்றது. அதே ஆண்டு தமிழகக் காவலர் நடத்தை விதி திருத்தப்பட்டு, இம்மக்களைத் துன்புறுத்தலாகாது என்ற கட்டளை ஏறியது. அனைத்திலும் நம் நெஞ்சைத் தொடுவது மற்றொன்று. இழிசொல்லுக்கு மாற்றாக மதிப்புடைய சொற்களைத் தமிழிலே வகுத்து, 2022 ஆகஸ்டிலே அரசிதழிலே வெளியிட்டது தமிழக அரசு. தன்பாலீர்ப்பு, பால்புதுமையர், திருநர் என்பன போன்ற சொற்கள் அரசு ஏட்டிலே ஏறின. 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைந்தபோது ஒரு சொல் ஒரு கூட்டத்தாரின் தலையை நிமிர்த்தியது. இப்போது ஒரு சொற்பட்டியலே பிறந்தது. "பேசாதே" என்று 1837இல் போட்ட பூட்டுக்குத் தமிழ் செய்த திறவுகோல் அது!

எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. இத்தகைய இணையருக்குத் திருமண உரிமையை 2023 அக்டோபர் 17இல் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. ஆயினும் 2025 மே திங்களிலே சென்னை உயர்நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று, விருப்பத்தால் அமையும் குடும்பமும் குடும்பமே என்றது. நமக்கு இந்தக் காத்திருப்பு புதிதா? சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் இதே உயர்நீதிமன்றம் சொன்னது. "முறைகெட்ட மணம்" என்று ஊர் ஏசியது. 1967இல் சட்டமன்றம் அதனைச் செல்லுபடியாக்கும் வரை, அந்த ஏச்சைத் தாங்கிக்கொண்டு வாழ்ந்து காட்டினர் நம் முன்னோர். அவர்கள் பேரப்பிள்ளைகள், இன்று இன்னோர் இணையரைப் பார்த்து அதே ஏச்சை எறியலாமா?

எறிகிறார்கள் என்பதே நம் வேதனை. சாதியை எதிர்ப்பவர், மூடநம்பிக்கையைச் சாடுபவர், மாற்றுக் கட்சித் தலைவரை மட்டந்தட்ட வேண்டுமென்றால் உடனே "ஒன்பது" என்கிறார். அவருக்குச் சேலை கட்டிப் படம் வரைகிறார். கொள்கையால் வெல்ல முடியாதவரைப் பாலால் இழிவுசெய்வது பகுத்தறிவாகுமா? அந்தக் கல் மாற்றுக் கட்சிக்காரர் மேலே விழுவதில்லை. நம் அணியிலேயே, நம் பக்கத்திலேயே, வாய் திறவாது இருக்கும் தோழரின் நெற்றியிலே விழுகிறது.

ஆகவே இளந்தோழர்களே! வேலையைக் கையிலிருக்கும் கருவியிலிருந்தே தொடங்குங்கள். வசை வரும்போது சிரித்துக் கடந்து செல்லாதீர்கள். "காரணம் சொல்" என்று கேளுங்கள். மெக்காலே காலம் முதல் எவரும் சொல்லாத காரணத்தை இவராவது சொல்லட்டும். இழிசொல்லுக்கு எதிரே நற்சொல்லை எழுதுங்கள். ஒருவர் நம்பிச் சொன்னதை அவர் ஒப்புதலின்றி மற்றொருவர்க்கு அனுப்பாதீர்கள். மிரட்டப்பட்டவரோடு காவல்நிலையம் வரை துணை செல்லுங்கள். படிப்பகத்திலே அந்தச் சொற்பட்டியலை அச்சிட்டு மாட்டுங்கள். பட்டணத்திலே இருப்பவர் எழுதும் ஒரு நேர்மையான வரி, வடகவுஞ்சியின் சரிவிலே வாய் மூடி இருக்கும் ஓர் உள்ளத்தையும் அன்றிரவே எட்டிவிடும். வசையை ஏற்றிச் சென்ற வழிதான் அது. அறிவையும் மதிப்பையும் ஏற்றி அனுப்ப நம்மால் முடியும்.