வசாபியின் சொந்தக்காரங்க வெலிமடையில்

சுஷியோடு தொட்டுச் சாப்பிடும் பச்சை வசாபி ஞாபகசக்திக்கு நல்லது என்று சொல்கிறார்கள். அது வெறும் கதை இல்லை. 2023இல் ஜப்பானின் தொஹொகு பல்கலைக்கழகத்தார் 60 வயது தாண்டிய 72 பேரை 12 வாரம் சோதித்தார்கள். வசாபிச் சத்து மாத்திரை எடுத்தவர்களின் ஞாபகசக்தி கூடியிருந்தது. ஆனா 72 பேர் என்பது சின்னத் தொகை. கடையில் வசாபி என்று விற்பதும் பெரும்பாலும் ஹோர்ஸ்ரடிஷ் கிழங்கு, கடுகு, பச்சைச் சாயம் சேர்ந்த கலவைதான்.

வசாபியின் காரம் மிளகாய் மாதிரி நாக்கில் நிற்காது, மூக்கில் ஏறும். செடி நசுங்கும்போது உண்டாகும் ஐசோதயோசயனேட்தான் காரணம். அச்சாறுக்குப் பச்சையாக அரைக்கும் கடுகில் நமக்குப் பழகிய காரமும் அதுவே. கடுகு, ராபு, நோக்கோல், கோவா எல்லாமே வசாபியின் குடும்பம். கடைசி மூன்றும் வெலிமடை மண்ணில் தாராளமாக விளைகின்றன.

இந்தக் குளிர்நாட்டு மரக்கறிகளை மலையில் பரப்பியவர்கள் வெள்ளைக்காரர்கள். சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் குடியேறி, ஆங்கிலேயப் பாணியில் பண்ணை போட்டார். அதே காலத்தில்தான் நம்ம முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்து, மன்னாரிலிருந்து கால்நடையாக கோப்பித் தோட்டங்களுக்கு ஏறினார்கள். அவர்களுக்குத் தோட்டம் அரிசி கொடுத்தது, அதையும் சம்பளத்தில் கழித்தது. கோவா துரைமாரின் மேசைக்குப் போனது.

இன்று கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து மரக்கறி லொறிகள் நாடு முழுக்கப் போகின்றன. ஆனா 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார அளவீட்டைப் பாருங்கள். வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாட்டளவில் சுமார் 17 சதவீதம், தோட்டப் பகுதியில் சுமார் 32 சதவீதம். இதற்குக் காரணம் ஒன்றல்ல. சம்பளம், குடிதண்ணீர், தாயின் உடல்நலம் எல்லாம் சேர்ந்ததுதான். வீட்டுக்குப் போதிய மரக்கறி வாங்க முடியாததும் அதில் ஒன்று.

கோவாவைப் பச்சையாகவோ லேசாக வதக்கியோ சாப்பிட்டால் அந்தக் காரச்சத்து கூடுதலாகக் கிடைக்கும். நன்றாக வெந்த கோவாவில் கொஞ்சம் கடுகுத்தூள் தூவினாலும் உதவும். இதற்கு வசாபி வாங்கத் தேவையில்லை, ஆனா மரக்கறி போட ஒரு துண்டு நிலம் தேவை. லயத்துக்குப் பின்னால் ராபு போடும் பெரும்பாலானவர்களுக்கு அந்த மண் சொந்தமில்லை. ஆகவே சத்துணவு பற்றிப் பேசும் இடத்தில் காணி உரிமையையும் சேர்த்துப் பேசுவோம்.